கடையை விற்க வேண்டாம், அதில் குடியிருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு வைத்திருக்கும் நம்மவர்கள் நல்ல விலை வரும்போதே விற்றுவிட்டு, பாயான் லெப்பாஸ் பக்கமோ புக்கிட் மெர்த்தாஜாம் பக்கமோ புது வீடு வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், ஒழுகுகிற கூரையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை என்று. அவர் சொன்ன சிரமங்கள் எதையும் நான் மறுக்கவில்லை, எல்லாவற்றையும் நானே பட்டிருக்கிறேன். ஆனால் அவர் சொன்ன முடிவுக்கு நேர்மாறான முடிவை எடுத்து, அப்பாவின் மளிகைக் கடையையே வீடாக்கி, முன்பக்கத்தை ஓவியக் கூடமாக்கி, இன்றைக்கு அங்கேதான் என் கணவரோடு குடியிருக்கிறேன். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை லிட்டில் இந்தியாவில், பெரியவர்கள் இன்னும் கடைத்தெரு என்றே சொல்லும் பகுதியில் இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து வந்த தாத்தா வாடகைக்குப் பிடித்த இடம். மளிகையோடு மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துத் தூளாக விற்பது எங்கள் வியாபாரம். கீழே கடை, பின்னால் அரைவை இயந்திரம், மேலே மூட்டைகளும் இரண்டு வேலையாட்களும். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடம் என்பதால் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வந்தது, வாடகை மிகக் குறைவு. அந்தச் சட்டம் நீங்கி 2000 ஜனவரி 1 முதல் வீட்டுக்காரர்கள் விருப்பம்போல வாடகை கேட்கலாம் என்று ஆனபோது எங்கள் தெருவிலேயே எத்தனை குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன என்பது இங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். தையற்காரர், பூக்கட்டும் அம்மா, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். எங்கள் வீட்டுக்காரர் விற்க முன்வந்தார், அப்பா இருந்த சேமிப்பையும் அம்மாவின் நகையையும் போட்டு வாங்கினார். அப்படி வாங்கிய இடத்தை, அவர் காலமான பிறகு, ஹோட்டல் நடத்த வேண்டும் என்று கேட்டு வந்தவர்களிடம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

நான் முப்பது வருஷம் இடைநிலைப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள். எனக்கு வெளிச்சமும் உயரமும் உள்ள ஓர் இடம் வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மகள்தான் சொன்னாள், "அம்மா, இதை லோஃப்ட் மாதிரி செய்யலாம்" என்று. எனக்கு லோஃப்ட் என்றால் பரண். சரி, அவள் சொல்வது என்ன என்று படித்துப் பார்த்தேன். நியூயார்க்கின் சோஹோ பகுதியில் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் காலியாகிக் கிடந்த காலத்தில், கையில் காசில்லாத ஓவியர்கள் அந்தப் பெரிய தளங்களை வாடகைக்கு எடுத்து வேலை செய்தார்கள், அங்கேயே படுத்துக்கொண்டார்கள். சட்டப்படி அங்கே குடியிருக்கக் கூடாது. 1971இல் கலைஞர்கள் மட்டும் குடியிருக்கலாம் என்று நகர விதியை மாற்றினார்கள், 1982இல் லோஃப்ட் சட்டம் என்று தனியாக ஒன்று வந்தது. டோனால்ட் ஜட் என்ற சிற்பி 1968இல் அங்கே 1870ஆம் ஆண்டின் ஐந்து மாடி வார்ப்பிரும்புக் கட்டடம் ஒன்றை வாங்கி, உள்ளே சுவர் எழுப்பித் தடுக்காமல், ஒரு தளத்தில் வேலை, ஒரு தளத்தில் சாப்பாடு, ஒரு தளத்தில் படுக்கை என்று குடும்பத்தோடு வாழ்ந்தார். அது இப்போது பொதுமக்கள் பார்க்கும் இடம். அப்புறம் சோஹோவில் விலை ஏறி அந்த ஓவியர்களே அங்கே இருக்க முடியாமல் போனதும் நடந்தது, அதையும் நான் மறக்கவில்லை. ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறிய 2008க்குப் பிறகு எங்கள் தெருவில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் ஒன்று. நியூயார்க்கில் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்கிற இந்த ஏற்பாடு நமக்குப் புதிது அல்ல. கடைவீடு என்ற பேரிலேயே கடையும் இருக்கிறது, வீடும் இருக்கிறது. கீழே வியாபாரம், மேலே வாசம். நடுவில் வீட்டை விட்டுக் கடையை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் நாம்தான்.

2018இல் வேலையைத் தொடங்கினோம், பதினான்கு மாதம் ஆயிற்று. இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் சுவர். எங்கள் கடை அகலம் ஐந்து மீட்டருக்குச் சற்று மேல், நீளம் இருபத்தைந்துக்குப் பக்கம். இரண்டு பக்கமும் அண்டை வீடுகளோடு சேர்ந்த பொதுச்சுவர், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல். முதலில் வந்த கட்டட ஒப்பந்தக்காரர் இடுப்பளவுக்கு உதிர்ந்திருந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்டு பூசினார். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. நான்கே மாதத்தில் அந்தச் சிமெண்டுக்கு மேல், தலை உயரத்தில், உப்புப் பூத்து சுண்ணாம்பு பொரிந்து விழ ஆரம்பித்தது. காரணம் எளிது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்விடும், சிமெண்டு அதை அடைத்துவிடும், அடைத்த ஈரம் இன்னும் மேலே ஏறி வேறு வழி பார்க்கும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து அதை மாவாக்கிவிடும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் உப்புக்குக் குறைவே இல்லை. பூசியதையெல்லாம் இடித்து எடுத்து, சுவரை மாதக்கணக்கில் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பும் மணலும் கலந்து மூன்று பூச்சாகப் பூசினோம், ஒன்று நன்றாக இறுகிய பிறகுதான் அடுத்தது. அதன்மேல் பிளாஸ்டிக் சாயம் கிடையாது, சுண்ணாம்பு வெள்ளைதான். லீத் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையின் நீலச் சுவரைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், அந்த நீலம் சுண்ணாம்பில் கலந்த அவுரி, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு. பழுதுபார்த்த விதத்துக்காக 2000இல் யுனெஸ்கோ விருது வாங்கிய கட்டடம் அது. பழைய பொருளைப் பழைய முறையில் செய்தால் நிற்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு சுவரை மட்டும் நாங்கள் தொடவே இல்லை. அரைவை இயந்திரம் இருந்த இடத்துக்குப் பின்னால் எண்பது வருஷ மஞ்சளும் மிளகாயும் சுண்ணாம்பில் ஊறி, எந்தச் சாயத்திலும் வராத ஒரு நிறம் ஏறியிருக்கிறது. மழை நாளில் இன்றும் அங்கே மல்லி வாசனை வரும். என் அம்மா ஒருமுறை அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

அடுத்தது வானம் பார்க்கும் முற்றம். இந்தக் கடைவீடுகள் எல்லாம் அகலம் குறைந்து உள்ளே நீண்டு போகிறவை. பக்கங்களில் ஜன்னல் வைக்க முடியாது என்பதால் நடுவில் கூரையைத் திறந்துவிட்டுத்தான் கட்டினார்கள், காற்றும் வெளிச்சமும் அந்த வழியாகத்தான். அப்பா எழுபதுகளில் சரக்கு வைக்க இடம் போதாமல் அதைத் தகரம் போட்டு மூடிவிட்டார், தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அந்தத் தகரத்தைக் கழற்றிய அன்று காலை பத்து மணி வெயில் அடுப்படி வரைக்கும் வந்தது. அப்பா அதை மூடிய நாளிலிருந்து அந்த இடத்தில் மின்விளக்கைத் தவிர வேறு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. சூடான காற்று மேலே போக, கடைக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடிப் பாதையிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுபடும். குளிர்சாதனம் படுக்கையறையில் மட்டும்தான் வைத்திருக்கிறோம், அதையும் மார்ச், ஏப்ரலில்தான் போடுகிறோம். முற்றத்தில் விழும் மழைத்தண்ணீர் போகப் பழைய கருங்கல் வடிகால் அப்படியே இருந்தது, மேலே கொட்டியிருந்த சிமெண்டை எடுத்துவிட்டுக் கழுவினோம், அவ்வளவுதான்.

அப்புறம் மகள் சொன்ன லோஃப்ட். மேல்தளத்தில் கூரை நன்றாக உயரம், செங்கால் என்ற உள்ளூர் வன்மரத்தில் செய்த உத்தரங்கள் இரும்பு மாதிரி இருந்தன. கைமரங்களில் இரண்டைத்தான் கரையான் தின்றிருந்தது. மூட்டை அடுக்குவதற்காக அடித்திருந்த ஒட்டுப்பலகைத் தடுப்புகளை எல்லாம் எடுத்ததும் ஒரே கூடம், ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். படுக்கைக்காக ஒரு பரண் வேண்டும். உத்தரத்தைச் சுவரில் துளைத்து ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னார், எங்கள் கட்டடக் கலைஞர் விடவில்லை. பொதுச்சுவரில் பாதி அண்டை வீட்டுக்காரருடையது, அதில் பாரம் ஏற்றக் கூடாது. கீழேயிருந்து தனியாக இரும்புத் தூண்கள் நிறுத்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேஜை மாதிரி நிற்கிறது எங்கள் பரண். நாளைக்கு வேறு யாராவது இங்கே வந்து கடையே நடத்த வேண்டும் என்றால் திருகாணிகளைக் கழற்றி ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம், பழைய கட்டடத்துக்கு ஒரு கீறலும் இருக்காது. நான் படுத்திருக்கும் இடத்துக்கு மேலே நான்கு ஓடுகளை மட்டும் கண்ணாடி ஓடாக மாற்றியிருக்கிறோம். பௌர்ணமியன்று தூக்கம் வராது, அதுவும் எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது.

முன்பக்கம் கடை இருந்த கூடம்தான் ஓவியக் கூடம். மடக்குக் கதவுகளை அப்படியே வைத்துக்கொண்டோம். ஓவியம் வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், காகிதத்தை நேரே சுவரில் சாய்த்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் மேலே ஒரு கம்பி ஓடவிட்டு, படங்களைச் சங்கிலியில், சுவரைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிடுகிறோம். சுவருக்கு ஆணியும் வேண்டாம், படத்துக்குக் காற்றும் கிடைக்கும். தெருவிலிருந்து நேர் வெயில் விழும் பக்கம் நீர்வண்ணப் படங்களை வைப்பதில்லை, சாயம் வெளுத்துவிடும். அங்கே மரச் சிற்பங்களும் பித்தளையும் இருக்கும்.

இந்தக் கூடத்தை ஏன் எங்களுக்கே வரவேற்பறையாக வைத்துக்கொள்ளவில்லை என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இந்தத் தெருவில் கடை என்றால் தெரிந்தவர் தெரியாதவர் யாரும் படியேறி வரலாம். அந்தக் கதவை மூடித் திரை போட்டுவிட்டால் தெருவில் ஒரு பல் விழுந்த மாதிரி. 2012 ஜார்ஜ் டவுன் விழாவில் எர்னஸ்ட் ஸகாரேவிச் என்ற ஓவியர் தெருச் சுவர்களில் வரைந்த பிறகு இந்த ஊரில் கலை என்றால் வெளிச்சுவரில் நின்று படம் எடுத்துக்கொள்வது என்று ஆகிவிட்டது. நான் அதைக் குறை சொல்லவில்லை, எத்தனையோ பேரை இந்தத் தெருக்களுக்கு அழைத்து வந்தது அதுதான். பழைய பேருந்துப் பணிமனையில் ஹின் பஸ் டிப்போ என்று ஒரு கலை வளாகம் நடக்கிறது, அதுவும் நல்ல முயற்சி. ஆனால் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற அம்மாக்களும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும், மூட்டை தூக்குகிற தம்பிகளும் தயங்காமல் உள்ளே வருகிற அளவுக்குச் சின்னதாக ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தேன். முதல் கண்காட்சியாக நான் வைத்தது ஓவியமே இல்லை. அப்பாவின் கணக்குப் புத்தகங்கள், வெண்கலத் தராசு, கல்லாப்பெட்டி, மூட்டையில் எழுதும் எழுத்தச்சுத் தகடுகள். தினமும் நூறு பேர் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெரியவர் அந்தக் கணக்குப் புத்தகத்தில் தன் தகப்பனார் பேரில் 1961இல் இருந்த ஏழு வெள்ளி கடனைக் கண்டுபிடித்து, கண் கலங்கி, அதைக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றார்.

இனி நான் உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்பும் குறைக்கு வருகிறேன். கட்டடத்தைச் சரிசெய்வதில் பட்ட சிரமத்தைவிட, கடையை வீடு என்று ஏற்றுக்கொள்ள வைப்பதில் பட்ட சிரமம் அதிகம். வீட்டுக் கடன் கேட்டுப் போன வங்கியில், நிலப் பட்டாவில் வணிகம் என்று இருக்கிறது, வணிகக் கடன்தான் தருவோம் என்றார்கள், வட்டியும் அதற்கேற்ப. மின்சாரம் வீட்டுக் கட்டணத்துக்கு மாற ஏறக்குறைய ஒரு வருஷம் நடந்தேன். ஓர் அலுவலகத்தில், "தங்கும் விடுதி என்று விண்ணப்பித்தால் சீக்கிரம் முடியுமே" என்று உண்மையான அக்கறையோடு சொன்னார்கள். அதுதான் என்னை வருத்தியது. சுற்றுலாப் பயணி மூன்று நாள் தூங்குவதற்கு வழி தெளிவாக இருக்கிறது, இங்கேயே பிறந்தவள் தினமும் தூங்குவதற்கு வழி தேட வேண்டியிருக்கிறது.

2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுடைமையாக அறிவித்தபோது ஓடுகளுக்கும் சுவர்களுக்கும் மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்கவில்லை. ஒரே தெருவை ஒட்டியிருக்கும் 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயிலும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சீனக் கோயிலும், தேவாலயமும், அவற்றைச் சுற்றி வாழ்ந்த மக்களும் சேர்ந்ததுதான் அந்தப் பட்டியலில் ஏறியது. மையப் பகுதி 109 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டேர் என்று அளந்து கோடு போட்டிருக்கிறோம். 2016இல் சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வந்து, எந்தக் கட்டடத்தை எப்படித் தொடலாம் என்பதற்கு விதி இருக்கிறது, அந்த விதிகளை நான் மனதார ஆதரிக்கிறேன், அவை இல்லாவிட்டால் எங்கள் தெருவில் இந்நேரம் ஓடே இருக்காது. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கு எந்த விதியும் ஊக்கமும் எனக்குக் கண்ணில் படவில்லை.

2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்த இரவை நினைத்துப் பார்க்கிறேன். நாங்கள் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. விடுதிகள், காப்பிக் கடைகள், நினைவுப் பொருள் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மாடி ஜன்னலில் நின்று எண்ணினேன், எங்கள் வரிசையில் விளக்கு எரிந்தது மூன்று வீட்டில். ஒன்று எங்களுடையது, ஒன்று சீனப் பாட்டி ஒருவர் தனியாக இருப்பது, இன்னொன்று நகை செய்கிற குடும்பம். அந்தப் பாட்டிக்கு நாங்கள் சோறு கொடுத்தோம், அவர் எங்களுக்கு முட்டையும் கீரையும் வாங்கிக் கொடுத்தார். அந்த மாதங்களில் இந்தத் தெருவைத் தெருவாக வைத்திருந்தது அந்த மூன்று விளக்குதான்.

அதனால் மாநில அரசிடமும் மாநகர் மன்றத்திடமும் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மரபுடைமைப் பகுதியில் சொந்தக்காரரே குடியிருக்கும் கடைவீட்டுக்கு மதிப்பீட்டு வரியில் சலுகை கொடுங்கள். கடையிலிருந்து வீட்டுக்கு மாறுவதற்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க வழி செய்யுங்கள். 2009இல் தொடங்கிய திங்க் சிட்டி என்ற நகர்ப் புத்துயிர் நிறுவனம் ஆரம்ப வருஷங்களில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க மானியம் கொடுத்தது, அதனால் நின்ற வீடுகள் இன்றும் இருக்கின்றன. அதுபோல ஒன்றைக் குடியிருப்பவர்களுக்கென்றே தனியாக ஒதுக்குங்கள். சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனாரை நாங்கள் தேடித் தேடிப் பிடித்தோம். அவருக்கு எழுபது வயது, கூட வந்த பையனுக்கு அந்த வேலை பாதிகூடப் பிடிபடவில்லை. தொழிற்பயிற்சிப் பள்ளிகளில் இதைக் கற்றுக்கொடுத்தால் நம் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க வேலை இருக்கும்.

விற்கச் சொன்ன அன்பருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்களுக்கு ஆன செலவு மூன்று லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல், சிமெண்டு பூசி இடித்ததில் போனது தனி. என் ஓய்வுக்காலப் பணம் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. எல்லாராலும் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன், பிள்ளைகள் வெளிநாட்டில், மருத்துவச் செலவு தலைக்கு மேல் என்றால் விற்பதைத் தவிர வழியில்லாமலும் போகலாம். ஆனால் முடிகிறவர்கள் விற்பதற்கு முன் ஒரு தடவை அந்தத் தகரத்தைக் கழற்றி முற்றத்தைத் திறந்து பாருங்கள், ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து வெளிச்சம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் விற்கத் தோன்றினால் விற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்குப் பழைய தமிழ்க் கடைப் பெயர்ப் பலகைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், கையால் எழுதியவை, மரத்திலோ தகரத்திலோ கண்ணாடியிலோ. எழுத்துகளுக்கு நிழல் கொடுத்து, சிவப்பிலும் பச்சையிலும் எழுதிய அந்த ஓவியர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. இதுவரை பதினொன்று கிடைத்திருக்கின்றன, அதில் இரண்டு குப்பை லாரியிலிருந்து இறக்கியவை. உங்கள் வீட்டுப் பின்கட்டில் அப்படி ஒன்று கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொடுக்க மனமில்லை என்றால் ஒரு மாதம் இரவலாகத் தாருங்கள், துடைத்து, கரையான் மருந்து அடித்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறோம். சனி, ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து எங்கள் மடக்குக் கதவு திறந்திருக்கும், கடைத்தெருவில் மசாலாக்காரர் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
ஜார்ஜ் டவுன், பினாங்கு